நீளாத நூலில் நீளும் துணி

பின்னல் புத்தகங்களில் உள்ள ஸ்வெட்டர் மாதிரிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் ஆட்டுக் கம்பளியை மனதில் வைத்து எழுதியவை. சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர் அதைப் பார்த்துப் பின்ன உட்காரும்போது ஒரே ஒரு மாற்றம் செய்கிறார்: கம்பளிக்குப் பதில் பருத்தி நூல். நம் வெயிலுக்கு ஏற்ற முடிவுதான். ஊசியின் பருமன், கண்ணிக் கணக்கு எல்லாம் புத்தகத்தில் சொன்னபடியே. பின்னி முடித்த அன்று உடம்பில் கச்சிதமாக உட்காரும். சில மாதம் உடுத்திய பிறகு பார்த்தால் கை நீண்டு விரல்களை மூடுகிறது, கழுத்து தோளைவிட்டு இறங்குகிறது, முழங்கை இருந்த இடம் புடைத்து நிற்கிறது. பின்னியவர் தன் கைப்பக்குவத்தைக் குறை சொல்லிக்கொள்வார். கையில் குற்றமில்லை. ஆட்டின் மயிருக்கும் பருத்திப் பஞ்சுக்கும் மூலக்கூறு அளவிலேயே உள்ள வேறுபாடு, ஸ்வெட்டரின் அளவுக்குப் பெரிதாகிக் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

ஆட்டுமயிர் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. கெரட்டின் மூலக்கூறு சுருள் சுருளாகச் சுற்றிய வடிவம் கொண்டது. சுருளுக்கும் சுருளுக்கும் இடையே கந்தகப் பிணைப்புகள் உண்டு. இழுத்தால் சுருள் விரிகிறது. விட்டால் பழைய இடத்துக்கு வருகிறது. 1930களில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்ட்பரி, கம்பளி இழையை இழுத்துப் பிடித்தும் இழுக்காமலும் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தார். இரண்டு படங்களும் வேறுவேறாக இருந்தன. இழுக்கும்போது மூலக்கூறின் மடிப்பே அவிழ்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். கம்பளி இழை தன் நீளத்தில் கால் பங்குக்கு மேல் நீண்டாலும் அறுவதில்லை. நனைத்துவிட்டால் ஏறக்குறையப் பழைய நீளத்துக்கே திரும்பும்.

பருத்தி, ஆளி, சணல், வாழைநார் எல்லாவற்றுக்கும் அடிப்படை செல்லுலோஸ். பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்செல்ம் பாயன் 1838இல் தாவரத் திசுக்களிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டிய பொருள் அது. குளுக்கோஸ் சர்க்கரையை ஒன்றின்பின் ஒன்றாக, ஒவ்வொன்றையும் தலைகீழாகத் திருப்பிக் கோத்தால் கிடைக்கும் நேரான சங்கிலி. அதில் சுருள் கிடையாது. பக்கத்துப் பக்கத்தில் அடுக்கப்பட்ட சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. மரம் நிமிர்ந்து நிற்பதற்கு வேண்டிய குணம் இது. ஸ்வெட்டருக்கு வேண்டிய குணம் இல்லை. பருத்தி இழை பத்து சதவீதம் நீள்வதற்குள் பெரும்பாலும் அறுந்துவிடும். ஆளியிலிருந்து எடுக்கும் லினன் சுமார் மூன்று சதவீதத்திலேயே அறும். போதாக்குறைக்குக் கனம் வேறு. கம்பளியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.31 கிராம் என்றால் பருத்தியுடையது 1.54. கம்பளி இழை நெளிந்து நெளிந்து காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அதன் நூல் உப்பலாக இருக்கும். பருத்தி நூல் அடைசலாக இருக்கும். ஒரே அளவில் பின்னினாலும் பருத்தி ஸ்வெட்டர் தன் பாரத்தாலேயே தன்னைக் கீழே இழுத்துக்கொள்கிறது.

ஆக, தாவர நூலில் பின்னுகிறவருக்கு நூல் ஒரு விஷயத்தில் கைகொடுக்காது. மீள்தன்மை வேண்டுமென்றால் அதைப் பின்னலுக்குள்தான் கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் மீள்தன்மையே தேவைப்படாத பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டுப் பின்னலில் எது நிலைக்கும், எது தொங்கிப்போகும் என்பதில் பெரும்பகுதி இந்த ஒன்றில் அடங்கிவிடுகிறது.

இழையிலிருந்து தொடங்கலாம். பருத்தி இழை ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். பூ மலர்ந்த நாளில் விதையின் மேல்தோலில் உள்ள சில செல்கள் வெளிப்பக்கமாக நீளத் தொடங்குகின்றன. மூன்று வாரம் போல நீளம் மட்டும் கூடும். அகலம் 12 முதல் 20 மைக்ரான்தான், நீளமோ மூன்று சென்டிமீட்டர் வரை போகும். அகலத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். பிறகு உட்பக்கச் சுவரில் செல்லுலோஸ் படிந்து படிந்து கெட்டியாகிறது. ஐம்பது நாள் போலக் கழித்துக் காய் வெடித்து வெயில் பட்டதும் உள்ளிருந்த ஈரம் போய்விடுகிறது. தண்ணீர் நின்றுபோன ரப்பர் குழாய் போல அந்தச் செல் தட்டையாகி, ஒரு நாடாவாக மாறி, அங்கங்கே வலமும் இடமுமாகத் திருகிக்கொள்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் கசங்கிய ரிப்பன் மாதிரி தெரியும். இந்தக் கசங்கல்தான் பருத்தியை நூற்க முடிகிற பஞ்சாக்கியது. ஒரு திருகல் இன்னொரு திருகலில் மாட்டிக்கொள்கிறது.

இதற்கு நேர்மாறு இலவம்பஞ்சு. அதுவும் செல்லுலோஸ்தான், கூடவே மரச்சத்தான லிக்னின் உண்டு. இழை உருளையாக, வழவழப்பாக, மெழுகு பூசியதாக, உள்ளே வெறும் காற்றாக இருக்கும். தண்ணீரில் மிதக்கும், அதனால் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கடற்படை உயிர்காப்பு அங்கிகளில் அதை அடைத்தார்கள். நூற்கப் போனால் ஒன்றையொன்று பிடிக்காமல் நழுவும், திருகினால் நொறுங்கும். எதையாவது அடைப்பதற்கு மேல் அதற்கு வேலை கிடைக்காததன் காரணம் இதுவே. குரோஷாவில் குழந்தைகளுக்குப் பொம்மை பின்னுகிறவர்கள் வயிற்றை நிரப்ப பாலியெஸ்டர் பஞ்சு தேடி அலைகிறார்கள். இலவம்பஞ்சு இன்னும் நம் ஊர் மெத்தைக்கடைகளில் கிடைக்கிறது. துவைக்கிற பொம்மைக்கு உதவாது, கட்டிகட்டியாகிவிடும். அலமாரியில் உட்காரப்போகும் பொம்மை என்றால் அதைவிட இலேசான அடைப்பு வேறில்லை.

மூன்று சென்டிமீட்டர் இழைகளைச் சேர்த்து எப்படி முந்நூறு மீட்டர் நூற்கண்டு உண்டாகிறது? பசை எதுவும் இல்லை. முடிச்சு எதுவும் இல்லை. கலிலியோ இந்தக் கேள்வியை 1638இல் வெளிவந்த தன் கடைசிப் புத்தகத்தில் கயிற்றை வைத்து எழுப்பினார். முறுக்கினால் இழைகள் ஒன்றையொன்று நெருக்கும், இழுக்க இழுக்க நெருக்கம் கூடும் என்பது அவர் சொன்ன பதிலின் சாரம். கணக்கு போட்டுச் சரிபார்க்க நெடுங்காலம் ஆயிற்று. 2018இல் பேட்ரிக் வாரன், ராபின் பால், ரேமண்ட் கோல்ட்ஸ்டீன் என்ற மூவர் இயற்பியல் ஆய்விதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை, நம் துணிகள் ஏன் பிரிந்து உதிர்ந்துவிடவில்லை என்ற கேள்வியைத் தலைப்பாகவே வைத்திருந்தது. ஒவ்வோர் இழைக்கும் பக்கத்து இழைக்கும் நடுவில் இருப்பது அற்ப உராய்வுதான். முறுக்கு ஓர் எல்லையைத் தாண்டாதவரை இழைகள் நழுவுகின்றன. தாண்டிய பிறகு அற்ப உராய்வுகள் கூடிக் கூடி நூல் முழுவதும் ஒரே பொருளாக இழுவிசையைத் தாங்குகிறது. இனி அறுந்தால் இழைதான் அறும், நழுவல் இல்லை. ராட்டையில் நூற்றவர்களுக்கு அந்த எல்லை விரலிலேயே தெரியும்.

ஒற்றைப் புரி நூலில் ஒரு தொல்லை உண்டு. முறுக்கு அடங்கி உட்காராது, அவிழவே பார்க்கும். சுமாரான பனியன் ஒன்றை எடுத்து நாலைந்து முறை துவைத்த பிறகு பாருங்கள். அக்குளிலிருந்து நேராக இறங்க வேண்டிய பக்கத் தையல் சாய்ந்து சாய்ந்து வயிற்றுப் பக்கம் வந்திருக்கும். தைத்தவர் கோணலாகத் தைக்கவில்லை. நூலுக்குள் அடைபட்டிருந்த முறுக்கு தண்ணீர் பட்டதும் தளர்ந்து, ஒவ்வொரு கண்ணியையும் ஒரே திசையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கிறது. ஆயிரக்கணக்கான கண்ணிகள் ஒன்றுபோலச் சாயும்போது துணியே திரும்பிவிடுகிறது. திருப்பூரில் இதைச் சமாளிக்கப் படாத பாடு படுகிறார்கள்.

வீட்டில் பின்னுகிறவருக்கு வழி எளிது: இரண்டு புரியோ மூன்று புரியோ சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கிய நூலை வாங்குவது. ஒரு முறுக்கு வலப்பக்கம் திரும்பத் துடிக்கும், மற்றது இடப்பக்கம், இரண்டும் சமன். கடையில் நூலை ஒரு முழம் இழுத்து, நடுவில் மடித்து, இரு நுனியையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிட்டால் போதும். சும்மா தொங்கினால் சமனான நூல். தன்னைத்தானே கயிறாகத் திரித்துக்கொண்டால் அதில் நேர்ப்பின்னல் போடுவது சரிப்படாது. இந்த எதிர்முறுக்கு உத்திக்கு எவ்வளவு வயது என்பது வியப்புக்குரியது. பிரான்சின் அப்ரி து மாரா குகையில் ஒரு கல்லாயுதத்தில் ஒட்டியிருந்த நார்த்துண்டு பற்றி 2020இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நீளம் ஆறு மில்லிமீட்டர் சொச்சம். ஊசியிலை மரத்தின் உட்பட்டையிலிருந்து எடுத்த நாரை மூன்று புரியாக ஒரு திசையில் முறுக்கி, மூன்றையும் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கியிருந்தார்கள். காலம் 41,000 முதல் 52,000 ஆண்டுகளுக்கு முன். செய்தவர்கள் நியாண்டர்தால் மனிதர்கள். முப்புரி நூல் நம் இனத்தின் கண்டுபிடிப்பாகக்கூட இல்லாமலிருக்கலாம்!

இனிப் பின்னல். நெசவில் நூல் நேராக ஓடுகிறது. பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. வேட்டியை நீளவாக்கில் இழுத்தால் நூலையே இழுக்கிறோம், அது அசையாது. பின்னலில் நூல் எங்குமே நேராக ஓடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியும் ஒரு வளைவு. கீழ்வரிசைக் கண்ணிக்குள்ளிருந்து புறப்பட்டு மேல்வரிசைக் கண்ணியைத் தாங்குகிறது. துணியை இழுக்கும்போது நூல் நீள்வதில்லை. வளைவுகளின் வடிவம் மாறுகிறது: உயரமான கண்ணி குட்டையாகி அகலமாகிறது, கண்ணியின் காலில் இருந்த நூல் தலைக்கு வழுக்கிப் போகிறது. விட்டதும் திரும்புவது நூலின் வளைவு விறைப்பால். எந்த நூலையும் அதிகமாக வளைத்துப் பிடித்தால் அது நிமிரப் பார்க்கும், அந்தச் சிறு விசைகளின் கூட்டுத்தொகைதான் துணியின் மீள்தன்மை. மூன்று சதவீதம்கூட நீளாத லினன் நூலில் பின்னிய துணி ஒன்றரை மடங்கு அகலத்துக்கு விரிய முடிவது இதனால்தான்.

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் இயற்பியலாளர் எலிசபெட்டா மாட்சுமோட்டோவின் குழு சில ஆண்டுகளாக இதைக் கணிதமாக்கி வருகிறது. அவரே பின்னுகிறவர். 2024இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் நான்கு அடிப்படைப் பின்னல்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு முகம் முழுக்க நேர்க்கண்ணியாக வரும் ஸ்டாக்கினெட், இரு முகத்திலும் மேடுபள்ளமாக வரும் கார்டர், நேர்க்கண்ணிப் பத்தியும் மறுகண்ணிப் பத்தியும் மாறி மாறி வரும் ரிப், கட்டம் கட்டமாக மாறும் சீட். ஒரே நூல், ஒரே கண்ணிதான்; அதை முன்னால் எடுப்பதா பின்னால் எடுப்பதா என்பது மட்டுமே வேறு. அந்த ஒரு தேர்வை மாற்றினாலே துணியின் விறைப்பு பெருமளவு மாறுகிறது என்று அளந்தும் கணினியில் செய்து பார்த்தும் காட்டினார்கள். பின்னத் தெரிந்த பாட்டிகளுக்கு இது புதிய செய்தி அல்ல. பாட்டிகளிடம் இல்லாதது எண்கள்.

ரிப்பின் சூட்சுமத்தைக் கவனித்தால் மற்றவை புரியும். நேர்க்கண்ணிக்கு முகமும் முதுகும் வேறு. நூல் ஒரு பக்கமாகவே வளைந்திருப்பதால் துணி அந்த வளைவை அவிழ்க்கப் பார்க்கும். ஸ்டாக்கினெட் துண்டின் பக்க ஓரங்கள் பின்னாலும், மேல் கீழ் ஓரங்கள் முன்னாலும் சுருண்டுகொள்வது அதனால்தான். ரிப்பில் ஒரு பத்தி பின்பக்கம் சுருள விரும்புகிறது, அடுத்த பத்தி முன்பக்கம். இரண்டும் இழுபறியில் ஈடுபட, மறுகண்ணிப் பத்திகள் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. துணி விசிறி மடிப்பாகச் சுருங்கி நிற்கிறது. இழுத்தால் மடிப்பு விரியும், விட்டால் மூடும். பனியனின் கழுத்துப் பட்டைக்கும் சாக்ஸின் விளிம்புக்கும் ரிப் வைப்பது அழகுக்காக அல்ல. பருத்தியில் ஸ்வெட்டர் பின்னியே தீருவேன் என்பவருக்கு என் யோசனை: உடம்பு முழுவதும் ரிப்போ அதையொத்த மடிப்புப் பின்னலோ போடுங்கள், ஊசியை ஓர் அளவு குறையுங்கள், உடலை ஒரே குழாயாகப் பின்னாமல் துண்டுகளாகப் பின்னித் தையுங்கள். தையல் எலும்பு மாதிரி நின்று பாரம் தாங்கும்.

இதெல்லாம் செய்தாலும் ஒரு குறை தீராது. கம்பளிக் கண்ணி வளைத்து விட்டதும் நிமிரும். பருத்திக் கண்ணியை நெடுநேரம் வளைத்து வைத்தால் அந்த வளைவையே ஏற்றுக்கொள்ளும். செல்லுலோஸ் சங்கிலிகளுக்கு நடுவிலுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் வியர்வை ஈரத்தில் அவிழ்ந்து புதிய இடத்தில் மறுபடி கட்டிக்கொள்வதே காரணம். பருத்திப் புடவை கசங்குவதும் இஸ்திரிப் பெட்டியின் நீராவிக்கு மசிவதும் இதே பிணைப்புகளின் வேலைதான். காலையில் பிடித்தமாக இருந்த பருத்திச் சட்டை மாலையில் தளர்ந்து தொங்கும். துவைத்தால் மறுபடி இறுகும். தினமும் துவைக்கிற நம் பழக்கம் இந்த நூலுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்றே சொல்லலாம்.

பின்னல் ஊசி வேலை என்றாலே கம்பளி என்ற எண்ணம் எப்படியோ வந்துவிட்டது. இரண்டு ஊசிப் பின்னலில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய துண்டுகள் எகிப்தில் கிடைத்தவை. 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலானவை என்று மதிப்பிடுகிறார்கள். வாஷிங்டனின் ஜவுளி அருங்காட்சியகத்திலும் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. அவற்றில் பல, நீலமும் வெள்ளையுமாகப் பூவேலை செய்த காலுறைகள், பருத்தி நூலில் பின்னியவை. பாலைவன வறட்சி கெடாமல் காத்துக்கொடுத்தது. மற்ற ஊர்களில் மக்கிப்போனவை எத்தனையோ. ஆனாலும் வெயில் நாட்டில், பருத்தியில், இவ்வளவு நுணுக்கமாக ஒரு கை பின்னியிருக்கிறது என்பதற்கு அந்தக் காலுறைகளே சாட்சி.

குரோஷாவின் கணக்கு வேறு. இரண்டு ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் எல்லாம் ஊசியில் திறந்தபடி காத்திருக்கும். குரோஷாவில் கொக்கி ஊசியில் ஒரு கண்ணிதான். அடுத்ததைப் போடுமுன் முந்தையதைப் பூட்டிவிடுகிறோம். அந்தப் பூட்டு காரணமாகக் கண்ணிக்குக் கண்ணி நூல் வழுக்கிப் போக இடம் குறைவு. துணி தடிக்கும், நூல் கூடுதலாகச் செலவாகும், நீட்சி குறையும். நீட்சி குறைவது குரோஷாவின் குறையாகச் சொல்லப்படுவது. பருத்தி நூல் கையில் இருக்கும்போது அது நிறை. நூலே நீளாதபோது துணியும் நீளாமல் அடங்கியிருந்தால், போட்ட வடிவம் போட்டபடி இருக்கும். அதனால்தான் உலகின் நுண்ணிய குரோஷா மரபுகள் பெரும்பாலும் பருத்தியிலேயே வளர்ந்தன. 1840களின் பஞ்ச காலத்தில் அயர்லாந்துப் பெண்கள் கொக்கி ஊசியும் மெல்லிய பருத்தி நூலும் கொண்டு ரோஜாவும் இலையுமாகப் பின்னி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். ஆந்திராவின் நரசாபூர் குரோஷா லேஸும் பருத்திதான். அங்கே பின்னும் பெண்களைத் தொழிலாளிகளாகவே கருதாமல், ஓய்வு நேரத்தில் கைவேலை செய்யும் இல்லத்தரசிகள் என்று சொல்லி அற்பக் கூலி கொடுக்கப்பட்டதை மரியா மீஸ் 1982இல் ஒரு புத்தகமாக எழுதினார். லேஸின் அழகைப் பேசுகிறவர்கள் அந்தப் புத்தகத்தையும் பேச வேண்டும்.

அந்த லேஸுக்குப் பளபளப்பு கொடுப்பது சோடா காரம். லங்காஷையரைச் சேர்ந்த ஜான் மெர்சர், பருத்தியைக் கடுங்காரத்தில் முக்கினால் அது சுருங்கி, பருத்து, சாயத்தை நன்றாக இழுக்கிறது என்று கண்டு 1850இல் காப்புரிமை வாங்கினார். சுருக்கம் காரணமாக யாரும் சீந்தவில்லை. நாற்பது ஆண்டு கழித்து ஹொரேஸ் லோ, இழுத்துப் பிடித்தபடி முக்கிப் பார்த்தார். சுருங்க வழியில்லாமல் போகவே, கசங்கிய ரிப்பனாக இருந்த இழை உருண்டு நிமிர்ந்து வழவழப்பானது. உருளையான பரப்பில் ஒளி ஒழுங்காகத் திரும்பியது. கடையில் நாம் கேட்டு வாங்கும் ஆங்கர் குரோஷா நூலின் மினுமினுப்பு அப்படி வந்தது. இந்த மெர்சரைஸ் செய்த நூலில் கண்ணி தெளிவாகத் தெரியும், புரி எளிதில் பிரியாது. பளபளப்பான இரும்பு ஊசியில் வழுக்கும். மூங்கில் ஊசி பிடிமானம் தரும். சாதாரணப் பருத்தியோ மூங்கிலில் ஒட்டிக்கொண்டு நகராது, அதற்கு இரும்பே நல்லது.

பாத்திரம் துடைக்கும் துணிக்கு மட்டும் மெர்சரைஸ் செய்த நூலை வாங்காதீர்கள். அந்த உறுதியான, வழவழப்பான நூலைவிட, உப்பலான சாதாரண நூலுக்கே தண்ணீரை உறிஞ்சும் இடைவெளிகள் அதிகம். கார்டர் பின்னலில் ஒரு சாண் சதுரம் போட்டால் மேடுகள் கறையைச் சுரண்டும், பள்ளங்கள் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். நனைந்த பருத்தி காய்ந்த பருத்தியைவிட 10 முதல் 20 சதவீதம் வரை உறுதி கூடுதல். தண்ணீர் உள்ளே போய்ச் சங்கிலிகளின் இறுக்கத்தைத் தளர்த்துவதால் பாரம் எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்காகிறது. துவைக்கிற கல்லில் அடித்துத் துவைத்தாலும் புடவை தாங்குவது இதனாலும்தான். கொதிநீரில் போட்டு அலசலாம். புதிதாகப் பின்னுகிறவர் எடுத்த எடுப்பில் ஸ்வெட்டரில் இறங்காமல் இந்தச் சதுரத்தில் தொடங்கினால் கண்ணி பழகும், பொருளும் பயன்படும், நூலின் குணமும் தெரியும்.

தண்ணீர் நூலுக்கு என்ன செய்கிறது என்பதற்கு நம் பூக்கடைகளே நல்ல ஆய்வுக்கூடம். மல்லிகை தொடுப்பவர் பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய வாழைநார் இருக்கும். ஒரு நாரை உருவி, இரண்டு பூ வைத்து, சுற்றி, இழுத்து, அடுத்த இரண்டு. காய்ந்த நாரில் அந்த முடிச்சைப் போட்டால் படக்கென்று ஒடியும். நாரில் செல்லுலோஸோடு இருக்கும் அரைச்செல்லுலோஸும் பெக்டினும் ஈரத்தில் இளகி வளைய விடுகின்றன. வாழைநாரில் குரோஷா போட்டு கோஸ்டரும் கூடையும் செய்கிறவர்கள் அதே பாடத்தைப் பின்பற்றுகிறார்கள்: தெளிப்பானில் தண்ணீர் தெளித்துக்கொண்டே பின்னுவது. லினனுக்கும் இது பொருந்தும். ஆளிநார் பல செல்கள் பெக்டினால் ஒட்டிய கற்றை. முதலில் விறைப்பாக, கையை அறுப்பதுபோல இருக்கும். துவைக்கத் துவைக்கக் கற்றைகள் பிரிந்து மெதுவாகும். புது லினன் நூலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்தவர்கள் அவசரப்பட்டவர்கள்.

பருத்தி இழை தண்ணீரில் குறுக்குவாட்டில் 20 சதவீதம் போலப் பருக்கும். நீளவாக்கில் ஒன்றிரண்டு சதவீதம்கூட மாறுவது அரிது. நூல் பருத்தால் கண்ணி சுற்றிவர வேண்டிய பாதை நீள்கிறது, நூலின் நீளமோ அதேதான்; கண்ணி இறுகுகிறது. அதோடு, பின்னும்போது நாம் இழுத்த இழுப்பில் அரைகுறையாக நின்றிருந்த கண்ணிகள், ஈரத்தில் உராய்வு விடுபட்டு, தங்களுக்கு வசதியான வடிவத்தில் அமர்கின்றன. முதல் துவைப்பில் சுருங்கியது என்கிறோமே, அதில் பெரும்பங்கு இழையின் சுருக்கம் அல்ல, இந்த அமர்தல்தான். எனவே மாதிரித் துண்டு பின்னி உடனே அளப்பது வீண்வேலை. துவைத்து, காயவைத்து, ஸ்வெட்டர் என்றால் அடியில் நாலு துணிக்கிளிப் மாட்டி ஒரு நாள் தொங்கவிட்டு அளக்க வேண்டும். ஆனால் பின்னி முடித்த உடையைக் கொடியில் தொங்கவிட்டுக் காயவைக்கக் கூடாது. ஈரக் கனத்தில் நீண்ட கண்ணிகள் அப்படியே காய்ந்து நிலைத்துவிடும். துண்டு விரித்துப் படுக்கவைத்துத்தான் உலர்த்த வேண்டும். மொட்டைமாடியில் காக்கைக்குப் பயந்து பலரும் கொடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், என்ன செய்ய.

எண்பதுகளில் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் குரோஷா விரிப்பு இருந்தது. இப்போது அதைக் கிண்டல் செய்கிறோம். அதன் மடிப்பு மடிப்பான ஓரம் விறைத்து நிற்கச் செய்ததில் நல்ல வேதியியல் இருந்தது. சோற்றுக் கஞ்சியிலுள்ள மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான். பிணைப்பின் கோணம் மட்டும் வேறு. அந்தக் கோணத்தால் அது சுருளும், நம் வயிற்றில் செரிக்கும், செல்லுலோஸ் செரிக்காது. இரண்டிலும் ஹைட்ரஜன் பிணைப்புக்குத் தயாராக நீட்டிக்கொண்டிருக்கும் கைகள் ஒன்றே என்பதால், கஞ்சி பருத்தியில் அப்படி ஒட்டுகிறது. அக்ரிலிக் நூலில் கஞ்சி போட்டால் உதிர்ந்துவிடும். கஞ்சிக்குப் பதில் சர்க்கரைப் பாகு போட்டவர்களும் உண்டு. நம் ஊரில் எறும்பு விடாது.

அக்ரிலிக் என்றதும் ஓர் எச்சரிக்கை. நம் ஃபேன்சி கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். ஆட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு துண்டு நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் வைத்துக் கொளுத்தினால் தெரிந்துவிடும். பருத்தியும் லினனும் காகிதம் எரியும் வாசத்தோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பல் விடும். நிஜக் கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு தீயை எடுத்ததும் அணையும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, கெட்டியான கறுப்பு மணியாக உறையும். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணியைத் தெரியாமல் அக்ரிலிக்கில் பின்னினால் அது கையில் உருகி ஒட்டும். பருத்தி உருகாது. இரட்டை மடிப்பாகப் பின்னினால் நடுவில் நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கும், ஈரமில்லாதவரை. ஈரத்தோடு பிடித்தால் தண்ணீர் வழியே சூடு பாய்ந்து நொடியில் சுடும்.

மூங்கில் நூல் என்று விற்பதையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். பட்டுப் போல மென்மையாக இருக்கும் அந்த நூலில் மூங்கில் நார் என்று எதுவும் இருப்பதில்லை. மூங்கில் கூழைக் காரத்திலும் கார்பன் டைசல்பைடிலும் கரைத்து, நுண்துளைகளின் வழியே அமிலத்தில் பீய்ச்சி, செல்லுலோஸாகத் திரும்ப உறைய வைத்த விஸ்கோஸ் அது. கிராஸ், பெவன், பீடில் மூவரும் 1892இல் காப்புரிமை பெற்ற முறை. கார்பன் டைசல்பைடு நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு. பாதிப்பு ஆலைத் தொழிலாளர்களுக்கு. கரைந்து மீண்ட பொருளில் அது மூங்கிலா, யூகலிப்டஸா, பைனா என்பது மிஞ்சுவதில்லை. அமெரிக்காவின் வணிக ஆணையம் 2009இல், இத்தகைய விஸ்கோஸை மூங்கில் துணி என்று விற்ற நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்தது. நூலின் குணமும் மூலச்செடியைச் சொல்லாது, செய்முறையைத்தான் சொல்லும்: நனைந்தால் விஸ்கோஸ் தன் உறுதியில் பாதியளவு இழக்கும். மேலே போட்டுக்கொள்ளும் சால்வைக்கு அதன் குழைவு அருமை. அதில் பை பின்னாதீர்கள்.

பைக்குப் பருத்தி அல்லது சணல். வலைப்பை பின்னுகிறவர்கள் முதல் நாள் காய்கறி வாங்கப் போனதும் திகைப்பார்கள். ஒரு முழப் பை இரண்டு கிலோ வெங்காயத்தில் முழங்கால் வரை இறங்கும். இங்கும் நூல் நீளவில்லை. வலையின் கட்டங்கள் பாரத்தில் ஒடுங்கிச் செங்குத்தாகின்றன, அகலம் போய் நீளமாகிறது. எனவே வேண்டிய உயரத்தில் முக்கால் பங்கோடு நிறுத்திவிட வேண்டும். அடியை வலையாக விடாமல் சிங்கிள் குரோஷாவில் அடர்த்தியாகப் போட வேண்டும். காதுக்கு, சிங்கிள் குரோஷாப் பட்டையைப் பின்னி அதன் இரு ஓரத்திலும் ஸ்லிப் தையல் ஒரு வரிசை இறுக்கிப் போட்டால், பாரத்தை அந்த ஓரங்கள் வாங்கிக்கொள்ளும். சணலில் பின்னுவதானால் கைவிரலுக்கு ஒரு துணி சுற்றிக்கொள்வது நல்லது. அதிலுள்ள லிக்னின் வெயிலில் மஞ்சளித்துப் பழுப்பேறும், ஈரத்தில் கிடந்தால் நார் நைந்துபோகும். பையைத் துவைத்தால் நிழலில் உடனே உலர்த்திவிட வேண்டும்.